ஏழாவது பெட்டியை மாட்டினால் எஞ்சின் வழுக்குகிறது: எச்ஓ பாசஞ்சர் பெட்டிகளுக்கு எந்த வீல்செட்?

மலைப்பாதை87:

எல்லோருக்கும் வணக்கம். எச்ஓ (1:87 அளவு மாடல் ரயில்) லேஅவுட், தண்டவாள இடைவெளி 16.5 மிமீ, கோட் 83 (0.083 அங்குல உயர) தண்டவாளம். மெயின் லைன் வளைவு 24 அங்குல ஆரம், ஓர் இடத்தில் 2% ஏற்றம். அமெரிக்கப் பாசஞ்சர் பெட்டிகள் மொத்தம் 8. ஆறு 85 அடி ஸ்ட்ரீம்லைன் வகை, போகிக்கு (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) இரண்டு ஆக்ஸில். மற்ற இரண்டும் பழைய ஹெவிவெயிட், போகிக்கு மூன்று ஆக்ஸில், இத்தாலியத் தயாரிப்பு. எல்லாமே செகண்ட் ஹேண்ட், உள்விளக்கு உள்ள மூன்றைத் தவிர மற்றவற்றில் பிளாஸ்டிக் சக்கரம். ஒரு பெட்டி சராசரியாக 190 கிராம். எஞ்சின் 400 கிராம், சக்கரத்தில் ரப்பர் வளையம் கிடையாது.

சமதளத்தில் எட்டையும் இழுத்துவிடுகிறது. ஏற்றத்தில் ஆறு வரை பிரச்சினை இல்லை. ஏழாவதை மாட்டினால் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறது. ஹெவிவெயிட் இரண்டும் பாயின்ட்டை (பாதை பிரியும் இடம்) கடக்கும்போது டக் டக்கென்று குதிக்கின்றன. மூன்று ஸ்ட்ரீம்லைன் பெட்டிகளில் உள்விளக்கு உண்டு, இருப்பதிலேயே இறுக்கமாக ஓடுபவை அவைதான்.

மெட்டல் வீல்செட் (ஓர் ஆக்ஸிலும் அதன் இரு சக்கரங்களும்) மாற்றலாம் என்று இருக்கிறேன். எந்த விட்டம்? ஆக்ஸில் நீளம் எப்படித் தேர்ந்தெடுப்பது? மாற்றினால் மட்டும் போதுமா, போகியிலும் வேலை இருக்கிறதா?

அச்சுக்கடை:

வணக்கம் நண்பரே. ஆர்டர் போடும் முன் அளந்துவிடுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள, வளையாத பலகையில் நேரான தண்டவாளத்தை ஒட்டி, பெட்டியை அதன் மேல் வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி தானாக நகரத் தொடங்கும்போது முனை எத்தனை செமீ உயர்ந்திருக்கிறதோ அத்தனை சதவீதம் அதன் உருளல் தடை. நல்ல மெட்டல் வீல்செட் போட்ட பெட்டி 1 செமீ-இலேயே கிளம்பிவிடும். தேய்ந்த பிளாஸ்டிக் சக்கரம் என்றால் 3, 4 வரை போகும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். தடை 4% என்று வைத்துக்கொண்டால், 2% ஏற்றத்தில் ஒரு பெட்டியை இழுக்க 190-இல் 6%, அதாவது 11.4 கிராம் விசை வேண்டும். ரப்பர் இல்லாத எஞ்சின் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இழுக்கும்: 80 கிராம். தன்னையே ஏற்றிக்கொள்ள 8 கிராம் போய்விடும், மிச்சம் 72. ஆறு பெட்டிக்கு 68 ஆகிறது, ஏழுக்கு 80. நீங்கள் சொன்ன இடத்தில்தான் வழுக்கும். தடையை 1%-க்குக் கொண்டுவந்தால் பெட்டிக்கு 5.7 கிராம், எட்டுக்கும் சேர்த்து 46. வளைவுத் தடையைச் சேர்த்தாலும் தாராளமாக ஏறும். எஞ்சினுக்கு ஈயம் ஏற்றுவது, இரண்டாவது எஞ்சின் வாங்குவது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

விட்டம்: நிஜ அமெரிக்கப் பாசஞ்சர் சக்கரம் 36 அங்குலம், 1:87-இல் 10.5 மிமீ. கடையில் அதிகம் தொங்குவது 33 அங்குலம், அதாவது 9.6 மிமீ, அது சரக்கு வேகனுக்கு. அதைப் போட்டால் பெட்டி அரை மிமீக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும், கப்ளர் உயரமும் கூடவே போய்விடும். பாக்கெட்டில் 36 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சக்கரத்தின் அகலம் இரண்டு வகை. கோட் 110 என்றால் 0.110 அங்குலம், அதாவது 2.8 மிமீ, கோட் 88 என்றால் 2.2 மிமீ. இரண்டிலும் ஃபிளேஞ்ச் (சக்கரத்தின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) ஆர்பி-25 என்ற நிர்ணய வடிவம்தான். கோட் 88 பார்க்க அழகு. ஆனால் பாயின்ட் ஃபிராகில் (இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) இடைவெளி கொஞ்சம் அகலமாக இருந்தால் அதற்குள் விழுந்து எழும். பாசஞ்சர் போகியின் பக்கச்சட்டம் சக்கரத்தைப் பாதி மறைத்துவிடுகிறது, அந்த அழகை யார் பார்க்கப்போகிறார்கள்? 110-ஏ போதும்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஆக்ஸில் நீளம். அமெரிக்க எச்ஓவில் பொதுவாகக் கிடைப்பது 1.015 முதல் 1.025 அங்குலம் வரை, அதாவது 25.8 முதல் 26 மிமீ. ஆனால் எல்லாப் போகிக்கும் அது பொருந்தாது. ஆக்ஸிலின் இரு முனைகளும் ஊசிபோல் கூர்மை. அந்த முனை உட்காரும் குழி அதைவிட விரிந்த கோணத்தில் இருக்கும். அதனால் நுனி மட்டும்தான் தொடும், உராய்வு மிகக் குறைவு. ஆக்ஸில் நீளமாக இருந்தால் இரு நுனிகளும் குழியின் அடியில் அழுந்திப் பக்கச்சட்டமே விரிந்துகொள்ளும், சுற்றாது. குட்டையாக இருந்தால் நுனி குழியின் நடுவில் நிற்காமல் சரிவின் மேல் ஏறும். பெட்டி தாழும், ஆக்ஸில் இடம் வலமாக ஆடும், கூம்பின் பக்கவாட்டு உரசும். விரலால் ஆக்ஸிலைத் தள்ளினால் மொத்தம் 0.25 முதல் 0.4 மிமீ வரை அசைய வேண்டும். அதாவது அசைவு கையில் தெரியும், கண்ணில் அவ்வளவாகத் தெரியாது.

இப்போதிருக்கும் ஆக்ஸில்களைக் கழற்றி நுனிக்கு நுனி டிஜிட்டல் காலிப்பரில் அளந்து போடுங்கள். காலிப்பரை இறுக்காதீர்கள், பிளாஸ்டிக் நுனி நசுங்கிக் குறைவாகக் காட்டும். பெட்டி வாரியாக அளவு வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

பட்டறைமேசை:

அச்சுக்கடை சொன்னதோடு போகி வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீல்செட் மாற்றியும் ஓடவில்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் போகியில்தான் கோளாறு இருக்கும்.

கழற்றும்போது ஒரு பக்கச்சட்டத்தை மட்டும் விரலால் மெல்ல விரியுங்கள். அசிட்டல் பிளாஸ்டிக் என்றால் வளைந்து கொடுக்கும். பழைய ஸ்டைரீன் போகி பட்டென்று ஒடிந்துவிடும். எது என்று தெரியாவிட்டால் ஒடிவது என்றே நினைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

குழிக்குள் நாற்பது வருட அழுக்கும் எண்ணெயும் கட்டியாக உறைந்திருக்கும். வார்ப்பில் மிஞ்சிய பிசிறும் இருக்கும். இதற்கென்றே இரு முனையிலும் கூம்பு வெட்டு உள்ள டிரக் டியூனர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அதை ஆக்ஸில் மாட்டுவதுபோலப் போகிக்குள் மாட்டி, விரலால் முன்னும் பின்னும் நாலைந்து சுற்று சுற்றினால் போதும். சுருள் சுருளாகக் கறுப்புத் தூள் வரும். தூள் நின்று பிளாஸ்டிக்கின் சொந்த நிறத்தில் வரத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் சுற்றினால் குழி ஆழமாகி, சரியாக இருந்த ஆக்ஸில் குட்டையாகிவிடும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள்.

புதிய வீல்செட்டை அப்படியே மாட்டிவிடாதீர்கள். கண்ணாடி மேல் உருட்டினால் கோணல் சக்கரம் தள்ளாடுவது உடனே தெரியும். அடுத்து என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கேஜ், சக்கர இடைவெளியைச் சரிபார்க்கும் தகடு. இரண்டு ஃபிளேஞ்சும் கேஜின் இரண்டு வெட்டுக்குள்ளும் தடங்கலின்றி உட்கார வேண்டும். சக்கரங்களின் உள்முகத்துக்கு இடையே 14.4 முதல் 14.6 மிமீ. பாக்கெட்டிலிருந்து வருவதிலும் ஒன்றிரண்டு தவறியிருக்கும். இரு சக்கரங்களையும் பிடித்துத் திருகியபடி தள்ளினாலோ இழுத்தாலோ நகரும். சுத்தியல் வேண்டாம். நகர்த்தும்போது இரு பக்கமும் சமமாக நகர்த்துங்கள். ஒரே சக்கரத்தை நகர்த்தினால் கேஜில் சரியாக உட்காரும், ஆனால் ஆக்ஸில் நடுவிலிருந்து விலகிவிடும். போகி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடி, ஒரு ஃபிளேஞ்ச் எப்போதும் தண்டவாளத்தைத் தேய்க்கும்.

பெட்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தையும் பாருங்கள். வில் வடிவில் பெயின்ட் தேய்ந்து பளபளப்பு தெரிந்தால் வளைவில் சக்கரம் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். படிக்கட்டின் உள்பக்கமும் நடு உத்தரமும்தான் வழக்கமான இடங்கள். அந்த இடத்தை அரத்தால் ராவுங்கள், சக்கரத்தில் கை வைக்காதீர்கள். சில போகிகளில் பிரேக் ஷூ சக்கரத்தோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். பழைய சக்கரத்துக்கு இடித்திருக்காது, புதிய சக்கரத்துக்கு இடிக்கும். கத்தியால் அரை மிமீ சீவினால் தீர்ந்தது.

திருகாணி: ஒரு போகியை, பெட்டி பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு, ஆனால் தாராளமாகத் திரும்பும்படி இறுக்குங்கள். மற்றதை ஒரு முக்கால் சுற்று தளர்த்தி, எல்லாத் திசையிலும் ஆட விடுங்கள். மூன்று புள்ளியில் நிற்கும் பெட்டி மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கும். இரண்டையும் இறுக்கினால் ஒரு மூலைச் சக்கரம் தூக்கிக்கொண்டே போகும்.

உங்கள் ஹெவிவெயிட் குதிப்பதற்குக் காரணம் ஃபிளேஞ்ச் ஆழம். ஆர்பி-25-இல் அது அதிகபட்சம் 0.64 மிமீ. பழைய ஐரோப்பியச் சக்கரங்களில் ஒரு மிமீயைத் தாண்டும். ஃபிராகின் அடியில் ஃபிளேஞ்ச் மோதிச் சக்கரம் மேலே ஏறி இறங்குகிறது, அந்தச் சத்தம்தான் அது.

மலைப்பாதை87:

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்துவிட்டேன். ஸ்ட்ரீம்லைன் ஆறிலும் ஆக்ஸில் 25.8. ஹெவிவெயிட் இரண்டிலும் 24.5. பலகைச் சோதனையில் விளக்கு இல்லாத மூன்றும் 3.5 செமீ, விளக்கு உள்ளவை 5, ஹெவிவெயிட் 4.

24.5-க்கு என்ன செய்வது? 25.8 ஆக்ஸிலை முயன்று பார்த்தேன், உள்ளேயே போகவில்லை. குழியை ஆழப்படுத்திப் பித்தளைக் கிண்ணம் வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். சரிவருமா? நடு ஆக்ஸிலுக்கு ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

அச்சுக்கடை:

ஸ்ட்ரீம்லைன் ஆறுக்கும் 1.015 அங்குலம், 36 அங்குலச் சக்கரம். 24 ஆக்ஸில், 12 அடங்கிய பாக்கெட் இரண்டு. கேடீ, இன்டர்மவுன்டன் ஆகிய இரு நிறுவனங்களிலும் இந்த அளவு கிடைக்கும். விளக்கு உள்ள மூன்றுக்கும் ஆர்டர் போடும் முன் கீழே யாராவது மின்சாரம் பற்றி எழுதுவார்கள், காத்திருங்கள். கேடீ ஆக்ஸில் பிளாஸ்டிக், அதிலிருந்து கரண்ட் எடுக்க முடியாது.

24.5-க்கு என் யோசனை ஐரோப்பிய எச்ஓ வீல்செட். அங்கே 24.5-ஐ ஒட்டிய நீளமும் 11 மிமீ விட்டமும் சாதாரணம். ரோக்கோ போன்றவர்கள் தனியாகவே விற்கிறார்கள், நீளம் 24.75 என்று வருவதும் உண்டு. கால் மிமீ அதிகம் என்றால் டியூனரில் இரண்டு சுற்று போட்டால் சரியாகிவிடும். 10.5-க்குப் பதில் 11 போட்டால் பெட்டி 0.25 மிமீதான் உயரும். வாங்கும்போது கண்டிப்பாக டிசி வகை என்று கேளுங்கள். ஏசி வகை மெர்க்லின் மூன்று தண்டவாள முறைக்கானது. இரு சக்கரமும் ஆக்ஸிலோடு மின்தொடர்பில் இருக்கும். உங்கள் டிராக்கில் வைத்த நொடியே ஷார்ட். வந்ததும் உள்முக இடைவெளியைக் கேஜில் பாருங்கள், அநேகமாகக் கொஞ்சம் விரிக்க வேண்டியிருக்கும். ஃபிளேஞ்ச் உங்கள் பழையதைவிடச் சிறியது என்றாலும், ஒரு ஆக்ஸிலை மட்டும் ஃபிராகில் கையால் உருட்டி அடி தட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

பித்தளைக் கிண்ணம் நல்ல வழிதான், ஆனால் அதற்கு இடம் வேண்டும். கிண்ணத்தின் வெளிவிட்டம் 2 மிமீ. 24.5-இலிருந்து 25.8-க்குப் போக 1.3 மிமீ தேவை, பக்கத்துக்கு 0.65 கூடுதல் ஆழம். அதோடு கிண்ணத்தின் அடித்தகடும் உட்கார வேண்டும். பக்கச்சட்டம் அந்த இடத்தில் 2.5 மிமீ கனமாவது இல்லையென்றால் ட்ரில் வெளியே வந்து, ஆக்ஸில் பெட்டியின் முகப்பில் ஓட்டை விழும். குழி தேய்ந்து நீள்வட்டமாகிப்போன போகிக்குத்தான் கிண்ணம் அவசியம். அப்போதும் மின்சார ட்ரில் வேண்டாம், பின் வைஸ் என்ற கைப்பிடிக் கருவியில் 2 மிமீ பிட் மாட்டிக் கையால் திருகுங்கள். பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

பட்டறைமேசை:

நடு ஆக்ஸில் பற்றி. ஆறு சக்கர போகியின் மொத்த அச்சு இடைவெளி நிஜத்தில் 11 அடி என்றால் மாடலில் 38.5 மிமீ. 24 அங்குல வளைவில், அதாவது 610 மிமீ ஆரத்தில், முன்பின் ஆக்ஸில்களை இணைக்கும் நேர்கோட்டிலிருந்து நடுவில் தண்டவாளம் 0.3 மிமீ விலகியிருக்கும். 18 அங்குல வளைவில் 0.4. நடு ஆக்ஸில் அந்த அளவுக்கு நகர முடியாவிட்டால் அதன் ஃபிளேஞ்ச் தண்டவாளத்தைத் தள்ளிக்கொண்டே போகும், அல்லது வெளி ஆக்ஸில் ஒன்றை ஏற்றிவிடும். கேஜில் இருக்கும் சிறு இடைவெளி கொஞ்சம் தாங்கும், அதை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே நடு ஆக்ஸிலுக்கு மொத்தம் 0.6 மிமீ பக்கவாட்டு அசைவு கொடுங்கள். நடுக் குழிகளில் மட்டும் டியூனரை இன்னும் சில சுற்று அதிகம் சுற்றினால் வந்துவிடும். இதனால் நடுச் சக்கரம் சற்று மிதக்கும். நல்லதுதான், சுமையை வெளி ஆக்ஸில்கள் சுமக்கட்டும். நேர்மாறாக நடுச் சக்கரம் கீழே துருத்திக்கொண்டிருந்தால் போகி ஊஞ்சலாடும். கண்ணாடி மேல் போகியை வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். எதிர்மூலை எழும்பினால் நடு ஆக்ஸில் தாழ்ந்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் கப்ளர் உயரம்: தண்டவாள மேல்தளத்திலிருந்து கப்ளர் நடுப்பகுதி 9.9 மிமீ. கேடீ உயர கேஜ் இருந்தால் ஒரு நொடி வேலை. தாழ்ந்திருந்தால் போகிக்கும் பெட்டிக்கும் நடுவே ஃபைபர் வாஷர். சிவப்பு 0.25 மிமீ, சாம்பல் 0.38 மிமீ. உங்கள் ஹெவிவெயிட்டில் கப்ளர் போகியோடு சேர்ந்தே இருக்கும் டால்கோ வகையாக இருந்தால் வாஷர் போட்டாலும் கப்ளர் உயராது, பெட்டி மட்டும்தான் உயரும். அதைக் கவனியுங்கள். பின்னால் தள்ளும்போது போகியைக் கோணலாக்கித் தடம் புரளச் செய்வதும் அந்த டால்கோதான். முடிந்தால் கப்ளரைப் பெட்டியின் அடியில் மாற்றுங்கள். 24 அங்குல வளைவுக்கு 85 அடிப் பெட்டி என்றால் நீண்ட கழுத்துக் கப்ளர் தேவைப்படும்.

கிழக்குகேபின்:

இவ்வளவு தூரம் போவானேன்? ஆக்ஸில் முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மலிவும்கூட.

பட்டறைமேசை:

அன்று ஓடும் சார், மூன்று மாதம் கழித்து முன்பைவிட மோசமாகும். எண்ணெய் தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். ஃபிளேஞ்ச் வழியே தண்டவாளத்துக்கும் வழிந்து எஞ்சினையே வழுக்கவைக்கும். ஏற்றத்தில் ஏற்கெனவே வழுக்குகிறவருக்கு அது கூடாது. பழைய ஸ்டைரீன் சிலவகை எண்ணெயில் வெடிப்பும் விடும். அசிட்டல் போகியும் மெட்டல் நுனியும் சேர்ந்தால் மசகே தேவையில்லை. மெட்டல் போகி என்றால் மட்டும், பிளாஸ்டிக்குக்கு ஏற்ற மெல்லிய எண்ணெய், ஊசி முனையால் தொட்டு வைக்கும் அளவு.

கிழக்குகேபின்:

மெட்டல் போகியில்தான் நான் சொன்னது. பிளாஸ்டிக்குக்கு நீங்கள் சொல்வது சரி.

ஒளிப்பெட்டி:

விளக்குப் பெட்டிகள் 5 செமீ-இல் கிளம்புவதற்குக் காரணம் சக்கரம் மட்டும் இல்லை, கரண்ட் எடுக்கும் தகடுகளும்தான். தகடு சக்கரத்தின் பின்முகத்தில், மையத்திலிருந்து 4 மிமீ தள்ளி உரசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விசையில் ஆக்ஸில் தண்டின் மேல் உரசினால் ஆரம் 1 மிமீதான். பிரேக் விளைவு நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே தகட்டைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு, 0.3 மிமீ ஃபாஸ்பர் பிரான்ஸ் கம்பியை ஆக்ஸில் மேல் லேசாகப் படியும்படி வையுங்கள். கம்பியை விரலால் தூக்கினால் முடி அளவு எதிர்ப்பு இருந்தால் போதும். செப்புக் கம்பி வேண்டாம், ஸ்பிரிங் தன்மை நிற்காது.

அதற்கு உலோக ஆக்ஸிலும், ஒரு சக்கரம் மட்டும் இன்சுலேட் செய்யப்பட்டதும் வேண்டும். ஒரே போகியில் இரண்டு ஆக்ஸிலின் இன்சுலேட் சக்கரமும் ஒரே பக்கம் வர வேண்டும். மற்ற போகியில் அப்படியே எதிர்ப்பக்கம். முன் போகி இடது தண்டவாளத்திலிருந்தும் பின் போகி வலதிலிருந்தும் எடுக்கும். ஒரு ஆக்ஸிலைத் திருப்பிப் போட்டுவிட்டால் கம்பி வழியாக ஷார்ட். எந்தச் சக்கரத்தின் நடுவில் பிளாஸ்டிக் வளையம் தெரிகிறதோ அது இன்சுலேட் பக்கம். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்துவிடுங்கள். போகியே உலோகமாக இருக்கும் பித்தளைப் பெட்டிகளில் விளக்கு இல்லாவிட்டாலும் இந்த விதி பொருந்தும்.

பல்புக்கும் விடைகொடுங்கள். பழைய பல்புக்குக் கரண்ட் அதிகம் வேண்டும், அதற்காகத்தான் தகட்டை அழுத்தி வைத்திருப்பார்கள். எல்இடி பட்டைக்குச் சில மில்லிஆம்ப் போதும், லேசான தொடுகையே சமாளிக்கும். பிரிட்ஜ் ரெக்டிஃபையர், மின்தடை, 470 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கபாசிட்டர். மினுக்கு நின்றுவிடும். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) என்றால் ஒரு எச்சரிக்கை: எல்லாக் கபாசிட்டரும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும்போது, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். கபாசிட்டருக்குத் தொடரில் 100 ஓம், அதற்கு இணையாக ஒரு டயோடு போடுங்கள். சார்ஜ் மெல்ல ஏறும், இறங்கும்போது டயோடு வழியே தடையின்றி வரும்.

தண்டவாளத்துக்கு அடியில், கப்ளரைக் கழற்றும் கேடீ காந்தம் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் எஃகு ஆக்ஸில் வாங்காதீர்கள். நன்றாக உருளும் பெட்டியைக் காந்தம் இழுத்து ஒரு குதி குதிக்க வைக்கும். கப்ளர் ஒரு கணம் தளர்ந்து, அந்த இடத்திலேயே தானாகக் கழன்றும் விடும். வாங்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை ஆக்ஸில் பக்கத்தில் காட்டினால் தெரிந்துவிடும்.

பெரம்பூர்ஷெல்:

இடையில் ஒரு கேள்வி. ஐசிஎஃப் பெட்டி ஒன்றை ஷீட் வெட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், 1:87. இதே 36 அங்குல வீல்செட் போடலாமா?

அச்சுக்கடை:

தாராளமாக. ஐசிஎஃப் சக்கரம் புதிதாக 915 மிமீ. 36 அங்குலம் 914. 10.5 மிமீ அப்படியே பொருந்தும். போகியின் அச்சு இடைவெளி 2896 மிமீ, மாடலில் 33.3. அமெரிக்கப் போகிகளில் பெரும்பாலானவை இதைவிடக் குறைவு, அதனால் போகியைப் புதிதாகக் கட்டுவதே மேல். கட்டும்போது பக்கச்சட்டத்தில் 2 மிமீ பித்தளைக் கிண்ணத்துக்கு முதலிலேயே இடம் விட்டுவிடுங்கள். அகலப்பாதை 1676 மிமீ என்பது 1:87-இல் 19.3 மிமீ வரும். 16.5 மிமீ டிராக்கில் ஓட்டினால் சக்கரங்கள் சட்டத்துக்குள் சற்று உள்ளடங்கித் தெரியும், அது எல்லோரும் ஏற்றுக்கொண்ட சமரசம். சட்டங்களுக்கு இடையே அகலத்தை நிஜ அளவில் வைத்தீர்களானால் 25.8 ஆக்ஸில் எட்டாது. ஆக்ஸில் நீளத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பச் சட்டத்தின் உள்பக்கத்தைக் கனமாக்குங்கள். எடை: என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். உங்கள் பெட்டி ஏறக்குறைய 245 மிமீ, 9.6 அங்குலம். 5.8 அவுன்ஸ், அதாவது 165 கிராம்.

மலைப்பாதை87:

ஸ்ட்ரீம்லைன் ஆறும் முடிந்தன. விளக்கு இல்லாதவை 0.9 செமீ-இல் கிளம்புகின்றன, விளக்கு உள்ளவை ஆக்ஸில் கம்பிக்கு மாற்றிய பிறகு 1.4. ஹெவிவெயிட்டுக்கு 24.75 வந்தது, டியூனரில் சரிசெய்து 1.2-க்குக் கொண்டுவந்தாயிற்று. எட்டும் ஏறுகின்றன, வழுக்கல் இல்லை.

மிச்சம் ஒன்று. ஒரு ஹெவிவெயிட் மட்டும் பாயின்ட்டில் பிரியும் பாதைக்குத் திரும்பும்போது ஒரு சக்கரம் மேலே ஏறுகிறது. எப்போதும் ஒரே ஆக்ஸில், பின் போகியின் முதல் ஆக்ஸில். நேர்பாதையில் ஒன்றும் இல்லை.

பட்டறைமேசை:

ஒரே ஆக்ஸில் என்றால் பாயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். அந்த ஆக்ஸிலைக் கழற்றி உள்முக இடைவெளியை மூன்று இடத்தில், 120 பாகைக்கு ஒருமுறை சுற்றி அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் 14.4-க்குக் குறைவாக வந்தால் இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஃபிராக் பக்கத்தில் சக்கரத்தை வழிநடத்தும் கார்டு ரெயிலும் விங் ரெயிலும் சக்கரங்களின் பின்முகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் ஏறுகிறது. விரித்தால் போதும். இடத்துக்கு இடம் மாறினால் சக்கரம் கோணல், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுங்கள்.

மூன்று அளவும் சரியாக இருந்தால் பின் போகியின் திருகாணியைப் பாருங்கள். நீங்கள் தளர்த்தியது முன் போகியா, பின் போகியா?

மலைப்பாதை87:

14.2, மூன்று இடத்திலும். 14.5-க்கு விரித்துவிட்டேன், இப்போது ஏறவில்லை. தளர்த்தியது முன் போகி. பின் போகியையும் ஒரு கால் சுற்று தளர்த்திப் பார்த்தேன், பெட்டி வளைவில் சாய்ந்து ஆடுகிறது, அதனால் பழையபடியே விட்டுவிட்டேன்.